வடக்குப் பக்கம் 63 அடி

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறைகள். அதுதான் பதிப்பகம். கீழே கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் தினம் ஒருவராவது வழி தவறி மேலே ஏறி வந்துவிடுவார். கண் சரியாகத் தெரியாதவர் என்பதால் கதவில் இருக்கும் பலகையைப் படிக்க மாட்டார். நேராக முதல் மேசைக்குப் போய் உட்கார்ந்து தாடையை முன்னால் நீட்டுவார். அந்த மேசையில் இருப்பவர் கொம்பு அக்கா. "கண் டாக்டர் கீழ இருக்காருங்க. இங்க எழுத்துக்கு மட்டும்தான் வைத்தியம்" என்று சொல்லி, படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. அச்சில் வந்த புத்தகங்களை மின்னூலாக மாற்றுவது வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறார். பதிப்பகத்தின் பழைய புத்தகங்கள் எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்து வைத்தவை. அந்தக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் இருக்காது. டாலர் குறி, சதவீதக் குறி, தலையில் புள்ளி வைத்த வேற்றுமொழி எழுத்து எல்லாம் கட்டிப் புரண்டு சண்டை போட்ட மாதிரி கிடக்கும். அதைத் தமிழாக்க ஒரு நிரல் உண்டு. தொண்ணூறு பங்கு ஒழுங்காகத்தான் மாற்றும். கொம்பை மட்டும் அங்கங்கே தொலைத்துவிட்டு வரும்.

அப்படித்தான் ஒரு நாவலில் கதாநாயகனின் தகப்பனார் 'செத்துப் போனார்' என்பது, கொம்பு உதிர்ந்து, 'சத்துப் போனார்' என்று வெளியாகிவிட்டது. "சத்துப் போனதுக்கு ஏன் குடும்பமே இப்படி அழுகிறது? டானிக் வாங்கிக் கொடுக்கக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். முதலாளி அந்தக் கடிதத்தை அக்காவின் மேசையில் வைத்து, "இனிமே கொம்பு பாக்குறது உங்க பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து அவர் கொம்பு அக்கா. காணாமல் போன கொம்புகளைத் தேடித் தேடிப் பொருத்திப் பொருத்தி, கடைசியில் மாற்றாத கோப்பையே நேரடியாக வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். டாலர் என்றால் இந்த எழுத்து, சதவீதம் என்றால் அந்த எழுத்து என்று கண் தானாக மாற்றிக்கொள்ளும்.

ஒருநாள் அலுவலகக் கணினியிலிருந்து வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பியபோது, ஞாபக மறதியில் பழைய எழுத்துருவிலேயே அடித்து அனுப்பிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் அதற்கு "சரி" என்று பதில் போட்டார். சாயங்காலம் அக்கா, "என்னன்னு புரிஞ்சு சரின்னீங்க?" என்று கேட்டார்.

"நீ தமிழ்ல அனுப்புறதுக்கும் அதைத்தானே போடுறேன்" என்றார் அவர்.

இப்படிக் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்த அக்காவின் வாழ்க்கைக்குள் சர்வேயர் வந்து சேர்ந்தார்.

சர்வேயர் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவர். அந்த அனுபவத்தையெல்லாம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகமாக எழுதினார். எட்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பதிப்பகம்தான் முந்நூறு பிரதி அச்சிட்டது. அதில் இருநூற்று இருபது பிரதி அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவர் மனைவி அந்தக் கட்டிலில்தான் தினமும் படுத்தார். கீழே குனிந்து ஒரு பிரதியை எடுத்துப் பார்த்ததில்லை. கேட்டால், "இவரோட வாழ்ந்தாச்சு. அதைப் படிக்க வேற செய்யணுமா?" என்பார். எழுத்தும் பொடி எழுத்து.

இப்போது அந்தப் புத்தகம் மின்னூலாக வேண்டும். சர்வேயர் ஒரு கைபேசி, ஒரு டேப்லட், புதிதாக வாங்கிய கறுப்பு வெள்ளை வாசிப்புக் கருவி, ஒரு ஸ்கேல் ஆகிய நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"அச்சுல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்மா. ஒரு புள்ளி நகரக் கூடாது."

"அப்படின்னா பிடிஎஃப் போதும் சார்" என்று அக்கா பிடிஎஃப் கொடுத்து அனுப்பினார்.

மறுநாளே சர்வேயர் வந்துவிட்டார். "முழுப் பக்கமா பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பெருசாக்கினா பாதி வரிதான் தெரியுது. வலது பக்கம் இழுக்குறேன், இடது பக்கம் இழுக்குறேன். கடைசி வார்த்தைக்குப் போறதுக்குள்ள முதல் வார்த்தை மறந்துபோயிடுது. நான் எழுதினதே எனக்கு மறந்துபோனா மத்தவன் என்ன பண்ணுவான்?"

அக்கா ஈபப் என்னும் மின்னூல் வடிவில் மாற்றிக் கொடுத்தார். கைபேசியில் திறந்தது. டேப்லட்டில் திறந்தது. கறுப்பு வெள்ளைக் கருவி மட்டும் 'இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று சொல்லி முறைத்துக்கொண்டு நின்றது.

"அது அப்படித்தான் சார். அவங்க வீட்டுச் சமையலைத்தான் சாப்பிடும்" என்று சொல்லி, அந்தக் கருவிக்கு உரிய வடிவத்திலும் ஒன்று செய்து கொடுத்தார் அக்கா. சர்வேயர் கருவியை வெளியே எடுத்துப் போய் நல்ல வெயிலில் பிடித்துப் பார்த்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சந்தோஷமாகப் போனார். அந்தச் சந்தோஷம் ஒன்றரை நாள் நின்றது.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் கையில் ஒரு காகிதம். "டேப்லட்டுல என் புத்தகம் முந்நூத்தித் தொண்ணூறு பக்கம். என் போன்ல ஆயிரத்து முந்நூறு. என் பொண்டாட்டி போன்ல ஒன்பதாயிரத்து இருநூத்தி எழுபது. ஒரே சொத்து, மூணு அளவு. இது எந்தப் பத்திரத்துல நிக்கும்?"

"ஒன்பதாயிரமா?" என்று அக்காவே வாயைப் பிளந்தார்.

"அவ எழுத்தை எவ்வளவு பெருசாக்க முடியுமோ அவ்வளவு பெருசாக்கி வச்சிருக்கா. ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தை, நாலு வரிக்கு மேல நிக்காது. 'நீங்க நானூறு பக்கம்தானே எழுதினீங்க, நான் ஒன்பதாயிரம் பக்கம் படிக்கப் போறேன்'னு என்கிட்டயே பீத்திக்கிறா."

எழுத்தின் அளவுக்கும் திரையின் அளவுக்கும் தகுந்தாற்போல வரிகள் ஓடி நிரம்பும், ஈபப்பில் நிலையான பக்கம் என்று ஒன்று கிடையாது என்று அக்கா விளக்கினார். சர்வேயர் முகம் கறுத்தது. எல்லைக்கல் நட்டே பழகிய மனிதர். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் புத்தகம் முழுக்க 'பக்கம் 212 பார்க்க', 'பக்கம் 340 பார்க்க' என்று வழிகாட்டி வைத்திருந்தார். பக்கமே இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது?

இதற்கு அக்காவிடம் வழி இருந்தது. அச்சுப் பிரதியில் ஒவ்வொரு பக்கமும் எங்கே தொடங்குகிறதோ, மின்னூலில் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளம் வைத்தார். பிறகு, 'பக்கம்' என்ற சொல்லுக்கு அடுத்து எண் வந்தால் அதை நீல நிற இணைப்பாக மாற்று என்று கணினிக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். 'பக்கம் 212' என்பதைத் தொட்டால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எந்தக் கருவியிலும் வந்து நிற்கும். சில நொடிகளில் புத்தகம் முழுக்க நீலம் பூத்தது. நாலைந்தைத் தொட்டுப் பார்த்தார், சரியாகப் போயிற்று. சர்வேயரும் நாலைந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்மா இது புத்தகம்" என்றார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மனைவியின் கைபேசியிலும் அதை ஏற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை, கதவு திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றார். தலை வாரவில்லை. கையில் மனைவியின் கைபேசி.

"இதைத் தொடு" என்றார்.

அக்கா பார்த்தார். முதல் அத்தியாயம். சர்வேயர் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக அளந்த மனையைப் பற்றிய வர்ணனை. பெரிய பெரிய எழுத்தில், 'வடக்குப் பக்கம் 63 அடி' என்று இருந்தது. அதில் 'பக்கம் 63' நீலமாக இருந்தது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. நிலம் அளந்தவரின் புத்தகம். நாலு பக்கமும் அளந்துதானே எழுதியிருப்பார்! கிழக்குப் பக்கம் 112 அடி, தெற்குப் பக்கம் 40 அடி, வாய்க்கால் பக்கம் 205 அடி. கணினிக்கு எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்தான். தொட்டார். திரை ஒரு குதி குதித்து, அச்சுப் பிரதியின் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் போய் நின்றது.

அங்கே சர்வேயர் எழுதியிருந்தது இது: 'ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த நான், என் சொந்த வீட்டை அளந்தபோது தவறினேன். என் டேப்பின் முனை கிழிந்து ஒன்றரை அடி போயிருந்ததை மறந்துவிட்டேன். பன்னிரண்டு அடி இருக்க வேண்டிய படுக்கையறை வடக்குச் சுவர் பத்தரை அடியில் முடிந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடித்த என் மைத்துனர்மேல் பழியைப் போட்டேன். அவர் டேப்பைச் சரியாகத்தான் பிடித்தார்.'

"எங்க வீட்டுப் படுக்கையறைக் கதவு இருபத்தாறு வருஷமா பாதிதான் திறக்கும்மா" என்றார் சர்வேயர். "கட்டில்ல இடிக்கும். எல்லாரும் ஒருக்களிச்சுத்தான் உள்ள போவோம். அதுக்கெல்லாம் காரணம் அவ அண்ணன்னு சொல்லி வச்சிருந்தேன். மச்சான் அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவர்தான், அப்புறம் வாசல் மிதிக்கல."

"அப்புறம் ஏன் சார் இதை எழுதினீங்க?"

"எழுதிட்டா மனசுலேருந்து இறங்கிடும்னு எழுதினேன். யாரு படிக்கப்போறாங்கன்னு எழுதினேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ படிக்க ஆரம்பிச்சப்பக்கூட நான் கணக்குப் போட்டேன். அவ எழுத்துல அறுபத்து மூணாம் பக்கம் வர ஆயிரத்து நானூறு திரை தள்ளணும். ஒரு நாளைக்குப் பத்துத் திரை படிச்சாலும் அஞ்சு மாசம். அதுக்குள்ள ஏதாவது பண்ணிக்கலாம்னு இருந்தேன். நேத்து ஏதோ நீலமா இருக்கேன்னு தொட்டிருக்கா. ஒரே தாவு."

இதையெல்லாம் உள் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த முதலாளி வெளியே வந்தார். "என்ன ஆச்சு? நிரல் ஏதாவது தப்புப் பண்ணிடுச்சா?"

அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அருமையான சந்தர்ப்பம். அக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்த கையோடு நிரல்மேல் பழி போட வாய் வரவில்லை.

"நிரல் இல்ல சார். கட்டளை கொடுத்தது நான்தான். எல்லாத்தையும் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

முதலாளி அக்காவை முறைத்தார். சர்வேயர் அக்காவை வேறு மாதிரிப் பார்த்தார். "நீ பரவாயில்லம்மா. ஒரே நிமிஷத்துல ஒத்துக்கிட்ட. எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. அதுவும் பொடி எழுத்துல."

அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அக்காவின் கைபேசி அடித்தது. சர்வேயரின் மனைவி. "ஏம்மா, நீதானே அந்த நீல எழுத்து வச்ச பொண்ணு? நல்லா இருப்ப. ஆயுசுக்கும் எங்க அண்ணனைக் கையாலாகாதவர்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. இவருக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு? ஞாயித்துக்கிழமை அண்ணனை வரச் சொல்லியிருக்கேன். நீயும் வா. இன்னும் எங்கெங்க என்னென்ன நீலம் இருக்குன்னு எனக்குக் காட்டணும்."

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் அக்கா நினைத்தார். ஆனால் அந்தக் கைபேசியில் இருக்கும் தப்பான கோப்பை நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மா தெற்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் தொட்டு வேறு என்னென்ன கிளப்புவாரோ!

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனபோது சர்வேயர் வாசலில் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கூரையில் 'பழகுநர்' பலகை மாட்டிய கார் ஒன்று வந்து, வீட்டைத் தாண்டிப் போய், மறுபடி பின்னால் வந்து நின்றது. மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபத்தாறு வருடத்தில் வீட்டின் அடையாளம் மறந்துபோயிருந்தது. இறங்கினார். நல்ல பருமன். கையில் புத்தம் புதிய டேப்.

"வாங்க மச்சான்" என்றார் சர்வேயர்.

"வர்றேன். முதல்ல அளந்துடுவோம்" என்றார் மச்சான்.

படுக்கையறைக்குப் போனார்கள். கதவைத் தள்ளினார்கள். பாதி திறந்து கட்டிலில் இடித்து நின்றது. சர்வேயர் ஒருக்களித்து உள்ளே போனார். அவர் மனைவியும் போனார். மச்சான் ஒருக்களித்தார், வயிறு ஒருக்களிக்கவில்லை. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றார். பிறகு கதவிடுக்கில் நின்றபடியே டேப்பை உள்ளே நீட்டினார்.

"அந்த முனையை யாரு பிடிச்சிருக்கா?"

"நான்தான் மச்சான்."

"ஒழுங்காப் பிடிங்க. அப்புறம் டேப் பிடிக்கத் தெரியாதவன்னு யாரும் யாரையும் சொல்லக் கூடாது."

சர்வேயரின் மனைவி மறுமுனையில் குனிந்து பார்த்து, "பத்தரை" என்று அறிவித்தார், தேர்தல் முடிவு சொல்வது போல.

மச்சான் டேப்பைச் சுற்றிக்கொண்டே, "எழுதியிருக்காராமே, அதைப் படிக்கச் சொல்லு. என் காதால கேக்கணும்" என்றார்.

அச்சுப் புத்தகம் கட்டிலுக்கு அடியில் இருநூற்று இருபது கிடக்கின்றன. சர்வேயர் குனிந்து ஒன்றை எடுக்கப் போனார். மனைவி தடுத்து, தன் கைபேசியை நீட்டினார். "கண்ணாடி வேணாம், இதுல படிங்க. எழுத்து நல்லாத் தெரியும்."

அச்சில் ஒரே பக்கம். அந்தக் கைபேசியில் இருபத்துமூன்று திரை. சர்வேயர் எட்டு எட்டு வார்த்தையாகத் தன் குற்றத்தை வாசித்தார். ஒவ்வொரு திரை முடிந்ததும் விரலால் தள்ள வேண்டும். விரல் வேர்த்து வழுக்கி இரண்டு திரை சேர்ந்து போய்விடும். "ஒன்னு விட்டுட்டீங்க" என்று மனைவி பின்னால் தள்ளிக் கொடுப்பார். 'என் மைத்துனர்மேல்' என்று ஒரு திரை முடிந்தது. அடுத்த திரை வருவதற்குள் மச்சான் மூக்கை உறிஞ்சினார். 'அவர் டேப்பைச் சரியாகத்தான்' என்று இன்னொரு திரை முடிந்தது.

"பிடிச்சாரு" என்று சர்வேயர் திரையைத் தள்ளாமலே முடித்தார். "தப்பு என்னோடது மச்சான்."

மச்சான் கதவிடுக்கிலிருந்து கையை நீட்டினார். சர்வேயர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. கட்டிப்பிடிக்கலாம் என்றால் நடுவில் கதவு. பிடித்த கையை விடாமலே மச்சான் சொன்னார்: "கட்டிலைத் தெக்குப் பக்கம் தள்ளிப் போட்டா கதவு முழுசாத் திறக்குமே. இதைக்கூடவா யாரும் யோசிக்கல?"

இருபத்தாறு வருடமாக யாரும் யோசிக்கவில்லை. ஆனால் கட்டில் நகரவில்லை. அடியிலிருந்த இருநூற்று இருபது பிரதிகளை முதலில் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அக்காவும் சேர்ந்து எடுத்தார். கதவு முழுக்கத் திறந்தது. மச்சான் நேராக நடந்து உள்ளே போனார்.

மறுநாள் முதலாளி திட்டவேண்டியதைத் திட்டினார். அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு, அந்தக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டு வந்த கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தார். மொத்தம் ஐந்நூற்று முப்பத்தொன்பது இணைப்புகள். சரியானவை நூற்று நாற்பத்தெட்டு. மீதி எல்லாம் நிலத்தின் பக்கங்கள். இந்த முறை கட்டளை கொடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார். எது எந்தப் பக்கம் என்று தெரிய முன்னும் பின்னும் நாலு வரி படிக்க வேண்டும். நாலு வரி எட்டாயிற்று. பதினான்கு வருடத்தில் எத்தனையோ நூறு புத்தகங்களுக்குக் கொம்பு வைத்திருக்கிறார், ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை. இதைப் படித்தார். வேலியை நகர்த்த வந்து வேலியிலேயே வேட்டி மாட்டிக்கொண்டவர் கதை வந்தபோது மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து மேலே ஏறிவந்த கண் நோயாளி ஒருவர், அழுகிறார் என்று நினைத்து அக்காவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து அக்கா சர்வேயருக்குப் போன் செய்தார். "சார், ஒரு சந்தேகம். நூத்தி முப்பதாம் பக்கத்துல அந்தக் கிணறு வட்டம்னு எழுதியிருக்கீங்க. இருநூத்தி எண்பத்தேழுல சதுரம்னு வருதே?"

சர்வேயர் கிணற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"நீ படிச்சியா?" என்றார் சர்வேயர்.

"ஆமா சார்."

"முழுசாவா?"

"முழுசா."

"வட்டம்தான்மா. ரெண்டு இடத்துலயும் வட்டம்னு போட்டுடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்ப நூத்தி எழுபத்தொன்னுல என் மேலதிகாரியைக் கிண்டலடிச்சு எழுதியிருக்கேனே, அதையும் படிச்சிட்டியா?"

"படிச்சேன் சார்."

"அவரு இன்னும் இருக்காரும்மா. போன வாரம்தான் டேப்லட் வாங்கியிருக்காராம். அந்தப் பக்கத்துக்கு எந்த நீலமும் போக வேணாம்."

அக்கா தேடிப் பார்த்தார். நூற்று எழுபத்தொன்றாம் பக்கத்துக்கு மூன்று இணைப்புகள் இருந்தன. இரண்டு நிலத்துடையவை, ஏற்கெனவே எடுத்தாயிற்று. மூன்றாவது முன்னுரையிலேயே இருந்தது. 'என் மேலதிகாரியின் பெருந்தன்மையைப் பற்றி அறிய விரும்புவோர் பக்கம் 171 பார்க்க' என்று சர்வேயரே எழுதியிருந்தார்.

அதை அக்கா வாசித்துக் காட்டினார். சர்வேயர் அந்த வரியைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா. கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன். இப்பப் பழகிடுச்சு."

மின்னூல் அந்த வாரக் கடைசியில் வெளியாயிற்று. மேலதிகாரி இதுவரை கேட்கவில்லை.